உறைய வைக்காத பை

மார்ச் 3

இரண்டாவது இயந்திரத்துக்கு இன்றும் உதிரிப் பாகம் வரவில்லை. போன் போட்டால் கம்பெனிக்காரர் "அடுத்த வாரம் மேடம்" என்கிறார். அவருடைய அடுத்த வாரமும் என் கல்யாணமும் ஒன்று, இதோ இதோ என்பார்கள், வந்தபாடில்லை. ஒரே இயந்திரத்தை வைத்துக்கொண்டு எத்தனை பேருடைய செல்களை வளர்ப்பது?

உடுப்பு, முகமூடி, இரட்டைக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போன பிறகு மூக்கு அரித்தது. மதியம் வெளியே வரும்வரை சொறியவில்லை. இந்த வேலைக்குப் படிப்பெல்லாம் அப்புறம்தான்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணிக்கு நாளைக்கு ரத்தத்திலிருந்து செல் எடுக்கிறார்கள். கழுத்துக் கட்டி போன வாரத்தைவிடப் பெரிதாகியிருக்கிறது, துணியைச் சுற்றி மறைத்துக்கொண்டிருந்தாள். என்ன செய்யப்போகிறோம் என்று இன்னொரு தடவை விளக்கினேன். நோயை எதிர்க்கிற செல்களை மட்டும் பிரித்தெடுப்போம், புற்றுநோயை அடையாளம் காணப் பழக்குவோம், பல மடங்காக வளர்த்து அவள் உடம்புக்கே திருப்பி ஏற்றுவோம்.

"அதாவது என் வீட்டுக் காவக்காரனுக்குத் திருடன் யாருன்னு தெரியல. நீங்க கூட்டிட்டுப் போய் போட்டோ காட்டி, சோறு போட்டு அனுப்புறீங்க. அவ்ளோதானே?"

"அவ்ளோதான் அண்ணி."

"இதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?"

சமையலறையில் அண்ணன் பிடித்துக்கொண்டான். எப்போ ரெடியாகும் என்று கேட்டான். வரிசை இருக்கிறது, அண்ணிக்கு முன்னால் ஒருவர் இருக்கிறார் என்றேன். யார் என்றான். எனக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு வரும் பைகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். "கட்டி ரொம்ப வேகமா வளருதுன்னு டாக்டர் சொன்னார்" என்றான். ஒரே டம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான்.

மார்ச் 4

செய்துவிட்டேன்.

எழுதிவைத்தால்தான் நாளைக்கு இல்லையென்று எனக்கே நான் புளுகமாட்டேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் இடத்தில் எந்தப் பை வந்தாலும் அன்றைக்கே உறைய வைக்கவேண்டும். உறைந்த பை மாதக்கணக்கில் தாங்கும், தன் முறை வரும்வரை குளிர்த் தொட்டியில் கிடக்கும். உறைய வைக்காத பை இரண்டு நாளுக்குமேல் தாங்காது. உடனே வளர்க்கப் போடவேண்டும், இல்லையென்றால் குப்பைதான். இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் விளையாடினேன்.

அண்ணியின் பை மத்தியானம் வந்தது, எண்தான் போட்டிருந்தது, ஆனால் இன்றைக்கு வந்த ஒரே பை அதுதான். உறைய வைக்கும் இயந்திரத்தருகில் நான் மட்டும்தான் இருந்தேன். அதில் பையை வைக்காமல் சாதாரணக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, நேராக எங்கள் லேப் தலைவியின் அறைக்குப் போனேன். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பேர் பனிப்பெட்டி. முகத்தில் எதுவும் தெரியாது.

"உறைய வைக்கிற மெஷின்ல அலாரம் அடிக்குது மேடம். நின்னுடுச்சு."

அலாரமும் அடிக்கவில்லை, ஒன்றும் நிற்கவும் இல்லை.

அவர் கொஞ்சம் யோசித்தார். என்ன சொல்வார் என்று எனக்கு முன்பே தெரியும், தெரிந்துதானே போனேன். "அப்போ இந்தப் பை தாங்காது. இதை முதல்ல போட்டுடு. நாளைக்குப் போடவேண்டியது உறைஞ்சதுதானே, அது எங்கயும் ஓடிடாது. இது முடிஞ்சதும் போட்டுக்கலாம்."

"சரி மேடம்" என்றேன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அந்தப் பை என் அண்ணியுடையது என்பதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பக்கத்திலேயே விட்டிருக்கமாட்டார்.

அம்மா போன பிறகு பதினைந்து வயதில் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அண்ணிக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தன் அலமாரியில் பாதியைக் காலி செய்துவிட்டு, "மேல் தட்டு உனக்கு எட்டாது, கீழ எடுத்துக்கோ" என்றாள். அவளுக்காக நான் இதுகூடச் செய்யக்கூடாதா?

இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பதில்தான் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது.

மார்ச் 6

மெக்கானிக் வந்து உறைய வைக்கும் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஒரு கோளாறும் இல்லையே மேடம். எப்பவாவது வந்து போற கோளாறா இருக்கும்." ஆமாம், எப்பவாவது வந்து போகிற கோளாறுதான். அதற்கு இரண்டு காலும் வாயும் இருக்கிறது.

மார்ச் 9

செல்கள் பிரமாதமாக வளருகின்றன. எண்ணிப் பார்த்ததும் முகமூடிக்குள் சிரித்தேன். உடனே தொட்டிப் பக்கம் கண் போனது. அங்கே இன்னொருவருடைய பை குளிர்ப் புகைக்குள் கிடக்கிறது. செல் உறைந்திருக்கிறது, சரி. அந்த ஆள் உறைந்திருக்கமாட்டாரே. அவருக்குள் இருக்கிற நோய் உறைந்திருக்காதே.

மார்ச் 17

அண்ணியுடையது முடிந்து, உறைய வைத்து, பரிசோதனைக்குப் போய்விட்டது. இயந்திரத்தைச் சுத்தம் செய்து இன்று அந்த இன்னொரு பையைப் போட்டேன். நானேதான் போட்டேன். வேறு யார் கேட்டும் விடவில்லை. ஏதோ பிராயச்சித்தம் மாதிரி! இரண்டு வாரம் போல அவரைக் காக்க வைத்துவிட்டு, இப்போது அவருடைய குழாயை மட்டும் பூப்போலத் தொடுகிறாளாம்.

மார்ச் 21

அண்ணியை வார்டில் சேர்த்தாயிற்று. செல் ஏற்றுவதற்கு முன் கொடுக்கும் மருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்து போனேன். அண்ணி அரட்டையில் இருந்தாள். எதிர்க்கட்டிலில் ஒரு தையல்காரர், ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் அவர் மனைவி தடிமனான கண்ணாடி போட்டுக்கொண்டு பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏய், இவர் என்னைத் தொடாமலே அளவு எடுத்துட்டார்டி. கண்ணாலயே!"

"தோள் பதினாலே கால்" என்றார் அவர். "ஆனா இப்ப தைக்கமாட்டேன். இது உங்க உடம்பே இல்ல, நோயோட உடம்பு. தேறி வாங்க, நல்ல சட்டையா ஒண்ணு தைச்சுத் தரேன்."

"ஏமாத்திட மாட்டீங்களே?"

"முப்பது வருஷத்துல யாருக்கும் துணி லேட் பண்ணினது இல்லம்மா. நம்மளத்தான் இங்க லேட் பண்றாங்க."

அவர் மனைவி என்னிடம் விளக்கினார். "இவருக்கு இந்நேரம் செல் ரெடியா இருக்கணும். லேப்ல ஏதோ மெஷின் கோளாறாம். அதனால தள்ளிப் போயிடுச்சு. இப்பதான் வளர்க்கவே போட்டிருக்காங்களாம்." அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க அங்கதான் வேலை செய்றீங்களாமே. எங்களுதையும் கொஞ்சம் நல்லா பாத்துக்குங்கம்மா."

ஒரு துண்டுப் பழத்தை என் கையில் வைத்தார். தின்றேன். தின்னாமல் என்ன செய்வது?

மார்ச் 24

அண்ணிக்குச் செல் ஏற்றினார்கள். ஒரு சின்னப் பை, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. உறைய வைக்கச் சேர்க்கும் மருந்தின் வாடை அறை முழுக்க, வேகவைத்த சோளம் மாதிரி. "இவ்ளோதானா? இதுக்கு வாழ்த்துச் சொல்லி மாலையெல்லாம் போடுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள் அண்ணி. அண்ணன் அழுதான். தையல்காரர் தன் கட்டிலிலிருந்து கை தட்டினார். தட்டியதும் இருமல் வந்தது, நிற்கவே இல்லை.

மார்ச் 29

அண்ணிக்குக் காய்ச்சல் வந்து இறங்கியிருக்கிறது. எதிர்பார்த்ததுதான், செல்கள் சண்டை போடுகின்றன என்று அர்த்தம். தினமும் காலையில் நர்ஸ் ஒரு தாளை நீட்டி ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறார். புதுச் செல்கள் மூளையைக் குழப்பினால் முதலில் கையெழுத்தில்தான் தெரியுமாம். அண்ணி நேற்று எழுதியது: "இந்த ஆஸ்பத்திரி சூப்பைச் சமைத்தவர் கையைக் காட்டவும்." இன்று எழுதியது: "காட்டினால் போதும், வெட்டமாட்டேன்." எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது.

கழுத்துக் கட்டி கரைகிறது. தொட்டுப் பார்க்கச் சொன்னாள். தொட்டேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். சந்தோஷத்தில் மட்டுமா?

ஏப்ரல் 2

தையல்காரருக்கு நெஞ்சுக்குள் இருந்த கட்டி பெரிதாகி மூச்சுக்குழாயை அழுத்துகிறது. மூக்கில் ஆக்சிஜன். வராந்தாவில் டாக்டர் அவர் மனைவியிடம் பேசியது என் காதில் விழுந்தது. "செல் ரெடியாயிடுச்சும்மா. ஆனா நோய் இப்ப ரொம்ப அதிகமாயிடுச்சு. உள்ள நோய் எவ்வளவு அதிகமோ, சண்டையும் அவ்வளவு பலமா நடக்கும். பக்கவிளைவுக்குத் தயாரா இருங்க."

"ரெண்டு வாரம் முன்னாடி ஏத்தியிருந்தா?" என்று அந்த அம்மா கேட்டார்.

டாக்டர் கையிலிருந்த கோப்பைப் புரட்ட ஆரம்பித்தார். நான் சுவர் ஓரமாக நகர்ந்து போய்விட்டேன், திருடி மாதிரி. மாதிரி என்ன மாதிரி?

ஏப்ரல் 5

அவருக்கும் ஏற்றியாயிற்று. நல்ல செல்கள். நான் வளர்த்ததிலேயே நல்ல செல்கள். தயவுசெய்து.

ஏப்ரல் 9

அண்ணி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் மட்டும் வார்டுக்குப் போய் எட்டிப் பார்க்கிறேன். யாரைப் பார்க்க வந்தீங்க என்று நர்ஸ் கேட்டால் மென்று விழுங்குகிறேன்.

தையல்காரர் தினமும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுகிறாராம். "நாளைக்குக் கடை திறக்கணும்." அவர் மனைவி தாள்களை வரிசையாகக் காட்டினார். ஆறாம் தேதி எழுத்து நேராக இருக்கிறது. ஏழாம் தேதி 'கடை' கீழே சரிகிறது. எட்டாம் தேதி 'திறக்கணும்' புழு நெளிந்த மாதிரி. இன்றைய தாளில் ஒரு கோடு மட்டும், அதுவும் பாதியில் நிற்கிறது.

"நேர்கோடுதான் இவர் பொழப்பே. சாக்கட்டி வச்சு அளவுகோல் இல்லாம இழுப்பார், இம்மி பிசகாது" என்றார் அந்த அம்மா.

மத்தியானம் நினைவு தப்பிவிட்டது, தீவிர சிகிச்சைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஏப்ரல் 10

ஐயோ நான் என்ன பண்ணிட்டேன். என்ன பண்ணிட்டேன்.

ஏப்ரல் 11

பனிப்பெட்டியிடம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு, உட்காராமல், ஒரே மூச்சில். அலாரம் அடிக்கவில்லை, அது என் அண்ணியின் பை, வேண்டுமென்றேதான் செய்தேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க அண்ணின்னு ஏன் சொல்லல?"

"சொன்னா என்னை ஒதுக்கி வச்சிருப்பீங்க."

"ஆமா. அதுக்குத்தான் சொல்லணும்."

அந்த இரண்டு வாரத்தால்தானா தையல்காரருக்கு இப்படி என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்லவேண்டும். அந்த முகத்தில் முதல்முறையாக ஏதோ தெரிந்தது, கோபமா களைப்பா என்று தெரியவில்லை.

"சீக்கிரம் ஏத்தினவங்களுக்கும் இப்படி வந்திருக்கு. லேட்டா ஏத்தியும் வராம இருந்திருக்கு. ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. தெரியாமலேயே இருக்கப்போற. அதை என்னால சரி பண்ணித் தர முடியாது."

நாளையிலிருந்து நான் உள்ளே போகக்கூடாது. விசாரணை முடியும்வரை சாமான் அறையில் வேலை. இனிமேல் உறைய வைக்கும்போது இருவர் சேர்ந்து இருக்கவேண்டும் என்று அறிவிப்பும் ஒட்டியாயிற்று. தையல்காரர் வீட்டாரிடம் ஆஸ்பத்திரியே முறைப்படி சொல்லுமாம். "அதுக்கு முன்னாடி நீயா போய்ச் சொல்றதும் சொல்லாததும் உன் மனசு" என்றார்.

ஏப்ரல் 16

தையல்காரர் கண் திறந்தார். மனைவியை அடையாளம் தெரிகிறது. கடவுளே, கடவுளே.

மே 8

அண்ணிக்கு ஸ்கேன் சுத்தம். தையல்காரருக்கும் சுத்தம், உடம்பில் நோயே இல்லையாம். நான் வளர்த்த செல்கள் ஒன்றுவிடாமல் தின்று தீர்த்திருக்கின்றன. கை நடுக்கம் மட்டும் போகவில்லை. சிலருக்குப் போகும், சிலருக்கு நாளாகும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும் என்கிறார்கள்.

உயிரோடு இருக்கிறாரே, அது போதாதா? இல்லை, இந்தக் கேள்வியைக் கேட்கிற தகுதி எனக்குக் கிடையாது.

மே 11

அண்ணியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும்வரை மடிப்பதை நிறுத்தவே இல்லை. ஒரே துண்டை மடித்துப் பிரித்து மடித்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேனா? எனக்குத் தெரியாதே! உயிர் பயத்துல சரி, செய்யின்னுகூடச் சொல்லியிருப்பேன். இல்ல, அந்த ஆளு முதல்ல போகட்டும்னு சொல்லியிருப்பேன். நான் எப்படிப்பட்டவள்னு எனக்கே தெரியாமப் பண்ணிட்டியே. அவர் எதிர்ல உக்காந்து சட்டை கேட்டேன்டி நான்! வெக்கமா இருக்கு."

அண்ணன் நடுவில் வந்து "அவ உனக்காகத்தானே..." என்று ஆரம்பித்தான். "நீ சும்மா இருங்க" என்று அண்ணி கத்தினாள். கோபத்தில் நீயும் நீங்களும் கலந்துவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்போம்.

மே 12

அண்ணி போனை எடுக்கவில்லை.

மே 13

எடுக்கவில்லை.

ஜூன் 14

விசாரணை முடிந்துவிட்டது. வேலை போகவில்லை, சாமான் அறையோடு சரி. கையுறைப் பெட்டிகளை அடுக்குகிறேன். உள்ளே செல் வளர்க்கும் பொறுப்பு இனி எனக்கு இல்லை.

ஆஸ்பத்திரிக் கடிதம் திங்கள்கிழமை போகிறது என்று கேள்விப்பட்டு இன்று தையல்காரர் கடைக்குப் போனேன். சலவைக் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில் ஒரு சந்து மாதிரி இடம். இஸ்திரி போட்ட துணி வாசனை. மனைவி தையல் இயந்திரத்தில் இருந்தார். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோத்துக்கொண்டிருந்தார் என்பது தப்பு. நூல் நுனி ஊசிக் காதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது.

"வாங்கம்மா வாங்க! உங்க கையால வளந்ததுதானாமே எனக்குள்ள ஓடுறது. உங்க அண்ணி அப்பவே சொன்னாங்க. உங்களுக்குத்தான் முதல் சட்டை தைக்கணும்னு இவகிட்ட சொல்லிட்டே இருக்கேன்."

நூல் கோக்க ஒரு சின்னக் கம்பி விற்கிறார்களே என்று உளறினேன். "அந்தக் கம்பியையும் இந்தக் கைதானே பிடிக்கணும்" என்று சிரித்தார். "இவளுக்குப் பாவம் கண்ணு சரியாத் தெரியாது, எனக்குக் கை நிக்காது. நல்ல ஜோடி."

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். மெஷின் கோளாறு இல்லை, நான்தான். இடையில் தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார், விரல் நுனி வெளுத்துவிட்டது.

"உங்க அண்ணி நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"சரி. போங்க."

அவர் மனைவிதான் வாசல்வரை வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்க கையில பழம் குடுத்தேனே" என்றார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

ஜூலை 20

அண்ணி வந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு, சொல்லாமல் கொள்ளாமல். தையல்காரர் கடைக்கு அவளும் போய்விட்டு வந்திருக்கிறாள், ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. முதல் தடவை வாசலிலேயே நிற்க வைத்தார்களாம். அடுத்த தடவை ஸ்டூல் போட்டார்களாம்.

புதுச் சட்டை போட்டிருந்தாள், நீலம். "அவரே தைச்சார். வேணாம்னு சொல்லியும் கேக்கல. சொன்ன சொல்லு சொன்னதுதானாம்." இடது பக்கத் தையல் கொஞ்சம் கோணியிருந்தது. நான் அதையே பார்ப்பதை அண்ணி கவனித்தாள். மறைக்கவில்லை, கையைத் தூக்கி நன்றாகவே காட்டினாள்.

"பாத்துக்கோ. நான் இதைத்தான் எல்லா இடத்துக்கும் போட்டுட்டுப் போகப்போறேன்."

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "நூல் கோக்க ஆளில்லாம தினமும் சாயங்காலம் ரெண்டு மூணு துணி நின்னு போகுதாம் அங்க. உங்க நாத்தனாருக்குக் கண்ணு நல்லா தெரியுமான்னு கேட்டார்."

"யாரு கேட்டா?"

"வேற யாரு? அவர்தான்."

ஜூலை 21

வேலை விட்டு நேராகக் கடைக்குப் போனேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊசி குத்திய மெத்தையையும் நூல்கண்டையும் மேஜையில் என் பக்கம் தள்ளினார். நின்றுகொண்டே ஆரம்பித்தேன். அவர் மனைவி காலால் ஒரு ஸ்டூலை நகர்த்தினார்.

ஒவ்வொன்றாகக் கோத்து மெத்தையில் குத்தினேன். என் கை நடுங்கவில்லை. அதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், நான் தலை தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான் கோத்த ஊசி ஒன்றை எடுத்து ஒரு பொத்தானை வைத்துத் தைக்கப் பார்த்தார். பாதியில் நிறுத்தினார்.

"இவ்ளோ நீளமா நூல் விடாதீங்க. சிக்கிக்கும்."

"சரிங்க" என்றேன். இதுவரை கோத்ததையெல்லாம் எடுத்து, அளவாக வெட்டி, முதல் ஊசியிலிருந்து மறுபடி கோக்க ஆரம்பித்தேன்.